பூசிய சுவரைப் பழிக்காதீர்கள்

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புதிதாக எழும் வீடுகளைப் பற்றி நகரத்திலிருந்து ஒரு புகார் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. கிளிப்பச்சைச் சுவர், ரோஸ் நிறத் தூண், முகப்பில் லட்சுமி டைல்ஸ், கைப்பிடிச் சுவரில் சிமெண்ட் மயில், எல்லாமே ரசனைக் கேடு என்கிறார்கள். ஓட்டு வீடும் திண்ணையும் போய் சிமெண்ட் பெட்டிகள் வந்துவிட்டன, கிராமத்தானுக்கு அழகு மறந்துவிட்டது என்று அங்கலாய்க்கிறார்கள். செங்கல்லைப் பூசாமல் விடுங்கள், அதுதான் நேர்மையான கட்டடம் என்று வழியும் காட்டுகிறார்கள். அறியாமையும் மேட்டிமையும் சரிபாதி கலந்த வாதம் இது.

பூசாத சுவரிலிருந்தே தொடங்குகிறேன். கரூர்க் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு கொங்கு நாட்டை ஆண்ட மன்னன் கம்மாளர்களுக்குக் கொடுத்த ஆணை அது. நல்லது கெட்டதுக்கு அவர்கள் இரட்டைச் சங்கு ஊதலாம், மேளம் கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கல்லையும் மரத்தையும் பொன்னையும் ஆண்ட கைகளுக்கே சொந்தச் சுவரைப் பூச அரசன் அனுமதி வேண்டியிருந்தது. கம்மாளருக்கே இந்த நிலை என்றால், அவர்களுக்கும் கீழே தள்ளி வைக்கப்பட்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மண் சுவரையும் கீற்றுக் கூரையையும் அவர்கள் ரசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு எதுவும் அவர்களுக்கு விட்டுவைக்கப்படவில்லை. அப்படிப்பட்ட வம்சத்தில் வந்த ஒருவர் இன்று சம்பாதித்துச் சுவர் எழுப்பும்போது, பூசாதே, அதுதான் அழகு என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

உடனே கட்டடக் கலைஞர் லாரி பேக்கரைத் துணைக்கு அழைப்பார்கள். திருவனந்தபுரத்தில் பேக்கர் பூச்சைக் கைவிட்டது வீட்டுக்காரரின் செலவு குறையட்டும் என்றுதான். குடியிருக்கப் போகிறவரின் தேவையையும் பழக்கத்தையும் கேட்டு, மனையின் மேடு பள்ளத்தைப் பார்த்துக் கட்டியவர் அவர். அந்தக் கேட்கும் குணத்தை விட்டுவிட்டு, செங்கல்லின் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து ஊராருக்கு உபதேசம் செய்வது பேக்கருக்கே இழுக்கு.

அரியலூர்ப் பக்கத்து ரெட்டிபாளையத்துக்கு வந்து பாருங்கள். இந்த மண்ணுக்கடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடலின் மிச்சம். 1979-இல் அரசின் டான்செம் சிமெண்ட் ஆலை அரியலூரில் வந்தது. தனியார் ஆலைகளும் வந்தன, ரெட்டிபாளையத்திலும் ஒன்று இருக்கிறது. விளைந்த நிலங்கள் சுரங்கத்துக்குப் போயின. கல் லாரிகள் ஓடும் சாலையோரத்தில் வேப்பிலைகூடப் பச்சையாக இருப்பதில்லை. அந்தச் சாலையோர வீட்டில் திண்ணை ஏன் இல்லை என்று கேட்கிறவர், அங்கே ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும். ஊரே சாம்பல் பூத்துக் கிடக்கையில், பெயிண்டர் நீட்டும் ஷேட் கார்டில் ஒரு பெண் கிளிப்பச்சையைத் தொட்டுக் காட்டுகிறாள் என்றால் அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று அர்த்தம். வெளிர் சாம்பலும் சிமெண்ட் நிறமும் சென்னையில் உயர்ந்த ரசனையாக இருக்கலாம். இங்கே அது அன்றாடம் துடைத்துத் தள்ளும் அழுக்கு.

தூண் தலையில் தாமரை வைக்கும் கொத்தனாரை நின்று பார்த்ததுண்டா? சலித்த மணலில் சிமெண்டைக் கூட்டிக் குழைத்து, கையளவு அப்பி, கரணை முனையால் இதழ் இதழாகக் கீறுவார். கலவை இறுகுவதற்குள் முடித்தாக வேண்டும். கடைசியில் ஈர பிரஷ்ஷால் ஒவ்வோர் இதழின் ஓரத்தையும் நீவிவிடுவார். கோபுரத்துச் சுதை வேலையின் நேர் வாரிசு அந்தக் கை. கோபுரத்தில் நீலமும் ரோஸும் பச்சையும் தீட்டிய பொம்மைகளை அண்ணாந்து பார்த்துப் படமெடுக்கிறவர்கள், அதே வேலை ஒரு கூலிக்காரர் வீட்டு முகப்பில் இருந்தால் முகம் சுளிக்கிறார்கள்.

இந்தச் சுளிப்பு ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கு. அடால்ஃப் லூஸ் என்ற கட்டடக் கலைஞர் 1910-இல் வியன்னாவில், அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்துத் தலைப்பிட்டு உரையாற்றினார். பாப்புவா மனிதன் பச்சை குத்திக்கொண்டால் பொறுத்துக்கொள்ளலாம், இக்கால மனிதன் குத்திக்கொண்டால் அவன் குற்றவாளி, இல்லையென்றால் சீரழிந்தவன் என்பது அவர் வாதம். மனிதர்களை ஏணியில் மேல்படி கீழ்படி என்று நிறுத்தும் அந்தப் புத்தியைத்தான் நம்மவர்கள் ‘மினிமலிசம்’ என்று பெயர் மாற்றி ரெட்டிபாளையத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

இவர்கள் போற்றும் செட்டிநாட்டு வீடுகள் மட்டும் அடக்க ஒடுக்கமானவையா? பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் வாரி இறைத்து, கடல் கடந்து சம்பாதித்தது ஊருக்குத் தெரியட்டும் என்று கட்டியவை. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறிவிட்டன. மண் மணம் என்று இவர்கள் உருகும் ஆத்தங்குடித் தரைக்கல் எதில் ஆனது? சிமெண்டில்தான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஆக்சைடு நிறம் கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். அடர் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று எல்லா நிறமும் அதில் உண்டு. காசுள்ளவர் பூசிய நிறம் பாரம்பரியம், காசில்லாதவர் பூசினால் கேவலம். இதற்கு ரசனை என்று பெயர் வைக்காதீர்கள்.

இவர்கள் சொல்வதில் ஒன்று மட்டும் நியாயம். காங்கிரீட் தளம் சித்திரை வெயிலில் கொதிக்கிறது. செங்கல் ஜல்லியில் சுண்ணாம்பு கலந்து அடித்து, மேலே தட்டோடு பதித்தால் சூடு தணியும். அதற்குக் காசு வேண்டும். ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு தருவது 3.50 லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம் போட வேண்டும் என்பது விதி. கீற்றுக் கொட்டகையில் தீக்கும் பாம்புக்கும் பயந்து படுத்தவர்கள் அந்தத் தளத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. அளவும் தொகையும் கூரையும் அலுவலகத்தில் முடிவாகிவிடுகின்றன. வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்குத் தீர்மானிக்க மிஞ்சுவது சுவரின் நிறமும் முகப்பின் பூவேலையும்தான்.

கட்டடக்கலை படித்தவர்களே, உங்களுக்கு இந்த மக்கள் மேல் உண்மையான அக்கறை இருந்தால் ஊருக்கு வாருங்கள். கைக்கு அடங்கிய செலவில் தளத்துச் சூட்டைக் குறைக்கும் வழியைக் கொத்தனாருக்குச் சொல்லிக் கொடுங்கள். எந்தப் பக்கம் ஜன்னல் வைத்தால் காற்று வரும் என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள். கிளிப்பச்சையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.