பழைய எண்ணெய் தெளிஞ்சா நல்ல எண்ணெயா?

இந்த வார எபிசோட்டைக் கேட்டு முடித்த கையோட கொஞ்சப் பேர் கட்டாயம் தேடப் போறீங்கள்: பாவித்த சமையல் எண்ணெயைச் சுத்தம் செய்யிற சென்ட்ரிஃபியூஜ், விலை என்ன, ஸ்காபரோவுக்கு டெலிவரி இருக்கா? அடுத்ததாக ஒரு பழைய டீசல் பிக்கப். அதுக்கும் அடுத்ததாக, மாமாவின்ர டேக்-அவுட் கடைக்குப் பின்னால நிற்கிற எண்ணெய்ப் பீப்பா. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வாழ்நாள் முழுக்க எரிபொருள் இலவசம்!

என்ர கருத்தை முதலிலேயே சொல்லிவிடுறன். அந்த மெஷின் வேலை செய்யும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ரொறன்ரோவில் இருக்கிற உங்களுக்கு அது தேவையில்லை. எங்கட கடைகளின் பழைய எண்ணெய் போக வேண்டிய இடம் வேற. அது அங்க ஒழுங்காகப் போய்ச் சேருதா என்று பார்க்கிறதுதான் எங்கட வேலை.

மெஷின் என்ன செய்யுது?

ரோல்ஸ், மிதிவெடி, வடை பொரித்த எண்ணெயில் மூன்று வகைக் குப்பை இருக்கு. கருகின மாவும் தூளும் ஒன்று. உணவில் இருந்து இறங்கின தண்ணீர் இன்னொன்று. மூன்றாவது, எண்ணெயே உடைந்து மாறின பொருட்கள். அதைப் பிறகு பார்ப்பம்.

முதல் இரண்டும் எண்ணெயை விடப் பாரமானவை. வாளியில் விட்டு வைத்தால் தானாகவே அடியில் இறங்கும். பிரச்சினை, நேரம். 10 மைக்ரோன் விட்டமுள்ள ஒரு நீர்த்துளியை எடுங்கோ. எண்ணெயை 70 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கினால்கூட அது மணித்தியாலத்துக்கு ஒன்றரை மில்லிமீற்றர் அளவுதான் இறங்கும். அறை வெப்பத்தில் எண்ணெய் தடிப்பு, அதனால் இன்னும் ஐந்தாறு மடங்கு மெதுவு. துளியின் விட்டம் பாதியானால் வேகம் கால்வாசியாகக் குறையும். வாளிக் கணக்கில் வைத்துக்கொண்டு கிழமைக் கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

சென்ட்ரிஃபியூஜ் இந்தக் காத்திருப்பைச் சுருக்குது. 15 சென்ரிமீற்றர் அகலமான ஒரு கிண்ணத்தை, இங்கத்தைய 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடுற சாதாரண மோட்டரின் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 3450 சுற்று, சுத்த விட்டால் கிண்ணத்தின் ஓரத்தில் புவியீர்ப்பைப் போல சுமார் 1000 மடங்கு விசை கிடைக்கும். ஒரு மணித்தியாலத்தில் இறங்கின அதே தூரத்தை அந்த நீர்த்துளி இப்ப நான்கு செக்கனுக்குள் கடந்துவிடும். சூடான எண்ணெய் மேலே இருந்து மெல்லிய தாரையாக உள்ளே போகுது, தூளும் தண்ணீரும் சுவரில் ஒட்டுது, தெளிந்த எண்ணெய் வழிந்து வெளியே வருது. மாற்ற ஃபில்டர் ஒன்றும் இல்லை, கிண்ணத்தைச் சுரண்டிக் கழுவினால் சரி. ரொறன்ரோவுக்கு வெளியே பண்ணை வைத்திருக்கிற ஒருவரின் கொட்டிலில் அந்தக் கிண்ணத்தைத் திறக்கிறதைப் பார்த்திருக்கிறன். உள்ளுக்குள் உழுத்தங்களி மாதிரி ஒரு சாம்பல் படை. மேலால பார்த்தால் தெளிவாக இருந்த எண்ணெயில் இவ்வளவும் இருந்ததா என்று நம்பவே முடியாது.

தொழில்நுட்பம் புதிதும் இல்லை. பாலில் இருந்து கிரீம் பிரிக்க சுவீடனின் குஸ்தாவ் டி லாவல் 1878 இல் செய்தது இதே வேலைதான். கப்பல்களின் எஞ்சின் அறையில் கன எரிபொருளில் இருந்து தண்ணீரையும் சேற்றையும் பிரிக்கிறதும் இதே முறையில்தான்.

மெஷினுக்குத் தெரியாதது

இப்ப அந்த மூன்றாவது குப்பைக்கு வருவம். 180 பாகையில் மணித்தியாலக் கணக்காகக் கொதிக்கிற எண்ணெயில் உணவின் ஈரம் கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குது. காற்று அதை ஒட்சியேற்றுது. உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பிசின் மாதிரி நீண்ட சங்கிலிகளாகுது. இதெல்லாம் எண்ணெயில் கரைந்தே இருக்கும். எத்தனை ஆயிரம் சுற்றுச் சுத்தினாலும் பிரியாது. கரைந்திருக்கிற கொஞ்சத் தண்ணீரும் அப்படித்தான்.

எங்கட பாஷையில் சொன்னால், சென்ட்ரிஃபியூஜ் ஒரு ஸோர்ட். அடர்த்தி என்ற ஒரே ஒரு கீயை வைத்து வரிசைப்படுத்துது. டேட்டா சரியா பிழையா என்று அது பார்க்கிறதே இல்லை. ஸோர்ட் ஆன டேட்டாவைப் பார்த்து "வலிடேட் பண்ணியாச்சு" என்று சொல்கிற ஆளை நீங்கள் வேலைக்கு எடுப்பீங்களா?

இந்த வித்தியாசம் எஞ்சினுக்கு முக்கியம். அமிலம் கூடின எண்ணெய் பம்பையும் பைப்பையும் அரிக்கும். எரியாமல் தப்புகிற எண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலோடு சேர்ந்து அதைத் தடிக்க வைக்கும். மனிதருக்கு இது இன்னும் முக்கியம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 இல் இருந்து ஒரு எல்லை வைத்தது: எண்ணெயில் இப்படி உடைந்து மாறின பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. அடுத்த மாதம், ஆகஸ்ட் 10 ஆம் தேதி, அந்தப் பழைய எண்ணெயைச் சேர்த்து பயோடீசல் ஆக்குகிற 'ரூகோ' திட்டம் வந்தது. ஒரு நாளைக்கு 50 லீட்டருக்கு மேல் எண்ணெய் பாவிக்கிற கடைகள் கணக்கு எழுதி வைக்க வேணும் என்றும் விதி வந்தது.

எரிபொருள் திட்டத்தை உணவு ஆணையம் ஏன் நடத்துது? பெரிய கடை கழிக்கிற எண்ணெயை மலிவாக வாங்கித் திரும்பப் பொரிக்கிற சின்னக் கடைகள் இருக்கு. தெளிய வைத்தால் பார்க்க நல்ல எண்ணெய் மாதிரியே இருக்கும். அது சட்டியில் இருந்து சட்டிக்குப் போகாமல் தடுக்க வேணும் என்றால், அதை வாங்க வேற ஒரு ஆள் வேணும். எனக்கு இந்த முழுக் கதையிலும் பெரிய விஷயம் இதுதான். பழைய எண்ணெயை எரிபொருளாக்கிறதில் கிடைக்கிற முதல் லாபம், அது சாப்பாட்டில் இருந்து வெளியேறுகிறது. டீசல் அதுக்குப் பிறகுதான்.

"ஊரில் ஓட்டினதுதானே?"

இதைச் சொல்கிற அப்பாமார் சித்தப்பாமார் எல்லார் வீட்டிலும் இருக்கினம், அவை சொல்கிறது உண்மையும்கூட. 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கின பிறகு யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை. பெற்றோல் கிடைத்தால் தங்கம். ஆக்கள் மோட்டார் சைக்கிளையும் பழைய கார்களையும் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டிச்சினம். புகை, நாற்றம், அடிக்கடி கழற்றிக் கரி சுரண்டுகிற வேலை, எல்லாத்தோடும் ஓட்டிச்சினம்.

சமையல் எண்ணெயில் ஓடுகிற வாகனத்துக்கும் அடிப்படை அதேதான். இரண்டு டாங்க் இருக்கும். டீசலில் ஸ்டார்ட் பண்ண வேணும், எஞ்சினின் சுடுதண்ணீரால் எண்ணெயைச் சூடாக்க வேணும், பிறகு மாற்ற வேணும், நிறுத்த முதல் திரும்ப டீசலுக்கு வந்து பைப்பைக் கழுவ வேணும். நல்ல எரிபொருளில் எழுப்பி, கெட்டதில் ஓட்டுகிற அதே தந்திரம். எங்கட ஆக்கள் மனுவல் இல்லாமல் கண்டுபிடித்ததை இங்க கிட்டாக விற்கினம்.

ஆனால் அவைக்கு வேற வழி இருக்கேல்லை. எஞ்சின் பழுதாகும் என்று தெரிந்துதான் ஓட்டிச்சினம். ஆஸ்பத்திரிக்குப் போக வேணும், வேற எரிபொருள் இல்லை. அந்தத் திறமைக்கு நான் தலை வணங்குறன். அதையே பெற்றோல் ஸ்டேஷன் மூலைக்கு மூலை இருக்கிற ஊரில் வார இறுதிப் பொழுதுபோக்காகச் செய்கிறதுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

"முதல் டீசல் எஞ்சினே கடலை எண்ணெயில்தான் ஓடினது" என்பது அடுத்த வாதம். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினது உண்மை. ஆனால் அந்தக் கால எஞ்சினும் இப்பத்தைய கொமன்-ரெயில் டீசலும் ஒன்றில்லை. இன்றைய இன்ஜெக்டரின் இடைவெளிகள் மைக்ரோன் கணக்கு. புகைக்கரி பிடிக்கிற ஃபில்டர் ஒன்று சைலன்சர் பக்கம் இருக்கு, அது தாவர எண்ணெயின் கரியால் அடைபடும். பழைய வோக்ஸ்வாகன் டீசல்தான் இந்த விளையாட்டுக்கு ஏற்றதாக இருந்தது. 2015 புகை மோசடிக்குப் பிறகு அந்தக் கம்பனி இங்க டீசல் கார் விற்கிறதையே விட்டுவிட்டது.

இன்னொன்று, ஜனவரி. 40 பாகையில்கூட தாவர எண்ணெய் டீசலை விடப் பத்து மடங்குக்கு மேல் தடிப்பு. பாம் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் உங்கட வீட்டுக் கராஜில் நவம்பரிலேயே கட்டியாகிவிடும். பிறகு கராஜில் ஹீற்றர், பீப்பாவில் ஹீற்றர், எண்ணெய் துடைத்த துணிக் குவியல். அந்தத் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. டவுன்ஹவுஸில் இருந்துகொண்டு இதைச் செய்ய முதல் உங்கட இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டிடம் ஒருக்கா கதையுங்கோ.

ஹமில்டன் வழி

இந்த ஊரிலேயே இதுக்கு ஒரு நல்ல விடை பிறந்திருக்கு. எண்ணெயை மெதனோலோடு வினைபுரிய வைத்தால் பயோடீசல் வரும், அது டீசலோடு கலந்து சாதாரண எஞ்சினில் ஓடும். சிக்கல் என்னவென்றால் எண்ணெயும் மெதனோலும் ஒன்றோடொன்று கலக்காது. ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் பூகொக், இரண்டையும் கரைக்கிற மூன்றாவது திரவம் ஒன்றைச் சேர்த்து, மணித்தியாலக் கணக்கான வினையை நிமிடக் கணக்காக்கினார். அந்தத் திரவத்தைத் திரும்ப எடுத்துத் திரும்பப் பாவிக்கலாம். முக்கியமாக, அமிலம் கூடின மலிவு எண்ணெயையும் கொழுப்பையும் அந்த முறை ஏற்கும். சென்ட்ரிஃபியூஜ் தொட முடியாத அந்த மூன்றாவது குப்பைக்கு இதுதான் மருந்து. அதை வைத்து பயொக்ஸ் என்ற கம்பனி 2000களில் ஹமில்டன் துறைமுகத்தில் ஆண்டுக்கு 6 கோடி லீட்டருக்கு மேல் செய்யக்கூடிய ஆலையைக் கட்டினது. 2017 இல் வேர்ல்ட் எனர்ஜி அதை வாங்கினது.

விற்கச் சந்தையும் இருக்கு. ஒன்ராறியோவில் டீசலில் ஒரு பங்கு உயிரிக எரிபொருளாக இருக்க வேணும் என்று 2014 இல் விதி வந்தது. 2 சதவீதத்தில் தொடங்கி 2017 இல் 4 ஆனது. 2023 நவம்பரில் லண்டனில் இருந்து நியூயோர்க்குக்கு ஒரு பயணிகள் விமானம் முழுக்க மாற்று எரிபொருளில் பறந்தது. அதில் பெரும்பங்கு கழிவுக் கொழுப்பில் இருந்து வந்தது. பொரித்த எண்ணெய் இன்றைக்குக் குப்பை இல்லை, நாடு விட்டு நாடு போகிற சரக்கு.

கடைக்குப் பின்னால

இதில் எங்கட பங்கு எங்க? கடைக்காரரின் இடத்தில் நின்று யோசியுங்கோ. வாரம் 25 லீட்டர் பழைய எண்ணெய் வருகிற ஒரு சின்னக் கடை என்றால் ஆண்டுக்கு 1300 லீட்டர். 100 கிலோமீற்றருக்கு 6 லீட்டர் குடிக்கிற ஒரு காருக்கு அது ஒரு வருசம் காணும். ஒரு கடைக்கு ஒரு கார், கணக்குச் சரியாக வருது என்று சந்தோசப்படுவீங்கள். ஆனால் கடைக்காரருக்கு வேண்டியது ஒவ்வொரு வாரமும், பனி கொட்டினாலும், தவறாமல் வருகிற ஒரு ஆள். மார்ச்சில் கான் தூக்கிக்கொண்டு வருகிற தம்பி செப்டெம்பரில் புது வேலை கிடைத்ததும் வரமாட்டார். எண்ணெய் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

எடுக்க ஆள் இல்லாத எண்ணெய்க்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று சிங்க். நகரசபையின் விதிப்படி உணவகத்துக்கு கிரீஸ் பிடிக்கிற தொட்டி கட்டாயம், சாக்கடைக்குப் போகிற நீரில் சமையல் கொழுப்பு லீட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மற்றது, இன்னும் இரண்டு நாளைக்கு அதே எண்ணெயில் பொரிக்கிறது. அதைச் சாப்பிடுகிறது நீங்களும் நானும், வெள்ளிக்கிழமை பின்னேரம், ஒரு டசின் ரோல்ஸாக. ஒழுங்காக எடுத்து, கொஞ்சமாவது காசு குடுக்கிற ஒரு ஏற்பாடு இருந்தால் எண்ணெயை நேரத்துக்கு மாற்றக் கடைக்காரருக்கு ஒரு காரணம் இருக்கும்.

அதனால் மெஷினுக்கு வைத்திருக்கிற ஆர்வத்தை இங்க போடுங்கோ. ஒரே பிளாசாவில், ஒரே ரோட்டில் நாலைந்து தமிழ்க் கடை இருக்கு. பக்கத்தில் பார்ட்டி ஹோல், கோயில் மடப்பள்ளி. தனித்தனியாகச் சின்னக் கணக்கு, சேர்ந்து போனால் சேகரிக்கிற கம்பனியிடம் நல்ல விலை கேட்கலாம். யாரிடம் எத்தனை லீட்டர், எப்ப நிறையும், கடைசியாக எப்ப எடுத்தது என்று ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும், அதுக்கு மேல் ஒரு சின்ன அப்பும் எழுத எங்களில் ஒருவருக்கு இரண்டு வார இறுதி காணும். உடைந்த எண்ணெயை அளக்கிற கையடக்கக் கருவிகள் இருக்கு. ஒரு கடைக்கு ஒன்று வாங்குகிறது கஷ்டம், ஐந்து கடைக்கு ஒன்று என்றால் கஷ்டமில்லை.

வீட்டிலயும் ஒரு வேலை இருக்கு. தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயை அம்மா சிங்கில் ஊத்த முதல் ஆறவிட்டுப் போத்தலில் நிரப்பி, நகரசபையின் டிராப்-ஒஃப் டிப்போவில் குடுத்துவிட்டு வாங்கோ. செலவு இல்லை.

பண்ணை, பழைய டிராக்டர், சூடான கொட்டில், கையில் நிறைய நேரம் எல்லாம் இருக்கிற ஆள் சென்ட்ரிஃபியூஜ் வாங்கட்டும், நல்ல மெஷின். மற்ற ஆக்கள் அடுத்த முறை கொத்து வாங்கப் போகும்போது முதலாளியிடம் ஒரு கேள்வி கேளுங்கோ: "அண்ணை, பழைய எண்ணெயை ஆர் எடுக்கினம்?" பதில் என்ன வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கோ.