பெயர் தெரியாமல் எதைப் பார்ப்பது?

அமெரிக்கப் பள்ளிகளின் ஏபி எனும் கல்லூரித் தர ஆங்கில வகுப்பில் அனாஃபரா, கயாஸ்மஸ் என்று அணிப்பெயர்களைக் கற்பிப்பது வெட்டிவேலை என்கிறார் நண்பர். அவர் காட்டும் ஆதாரம் மதிப்பெண் முறை: உரைத்திறன் பகுப்பாய்வுக் கட்டுரைக்கு மொத்தம் 6 மதிப்பெண், அதில் 4 சான்றுக்கும் விளக்கத்துக்கும். பெயர் சொன்னதற்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. சரிதான். ஆனால் அந்த 4 மதிப்பெண்ணை எதை வைத்து வாங்குவதாம்?

கென்னடியின் 1961 பதவியேற்பு உரையில் நாட்டையும் குடிமகனையும் இடம்மாற்றிப் போடும் வாக்கியத்தை (‘நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே, நாட்டுக்கு நீ என்ன செய்யலாம் என்று கேள்’) படித்தால் எல்லோரும் ‘அருமை’ என்பார்கள். ஏன் அருமை? ஆண்டிமெடபொலி தெரிந்த மாணவி சொல்வரிசை தலைகீழானதைக் கவனிக்கிறாள். வாங்கும் இடத்தில் இருந்த குடிமகன் கொடுக்கும் இடத்துக்கு வந்தது அந்தத் திருப்பத்தால்தான் என்று எழுத அவளுக்கு வழி பிறக்கிறது. தெரியாதவள் ‘வலிமையான நடை’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் திண்டாடுவாள்.

நண்பருக்கு உண்மையில் எரிச்சல், நூறு பெயர்களை அட்டையில் எழுதி ஒப்பிக்க வைக்கும் வழக்கத்தின் மீது. எனக்கும்தான். ஜூக்மாவையும் லைடோட்டீஸையும் ஒரே மூச்சில் விழுங்கினால் யாருக்கும் அஜீரணம்தான். பத்துப் பதினைந்து போதும், ஒவ்வொன்றும் ஓர் உரையோடு வரட்டும்: ஒரே தொடக்கம் திரும்பத் திரும்ப வரும் அனாஃபராவுக்கு மார்ட்டின் லூதர் கிங்கின் 1963 வாஷிங்டன் உரையைவிட நல்ல பாடம் ஏது?

பெயரே வேண்டாம், ‘உணர்ந்து படித்தால் போதும்’ என்பது வீடு நிறையப் புத்தகங்களோடு வளர்ந்த பிள்ளைக்குச் சரி. வகுப்பறையில்தான் முதன்முதலாக ஒரு சொற்பொழிவைப் படிக்கிற பிள்ளைக்கு நண்பர் என்ன வைத்திருக்கிறார்?