பிரிவதற்கும் சமரசம் வேண்டும்

விவாகரத்தைப் பற்றி விஞ்ஞான மாணவன் எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். என் அறைத்தோழன் சொன்ன செய்தியே காரணம். அவனுடைய பத்தாம் வயதில் பெற்றோர் வழக்காடினர். மாதம் இரண்டு சனிக்கிழமை, நீதிமன்றத்துக் குழந்தைகள் அறையில் ஒரு மணி நேரம் தந்தையைக் காண்பானாம். "அப்பா என்ன கேட்டார் என்பாள் அம்மா, அம்மா என்ன சொன்னாள் என்பார் அப்பா. நான் இருதரப்புச் சாட்சி!" என்றான்.

குடும்ப வழக்குகளில் முதலில் இணக்கத்திற்கு முயல வேண்டுமென்று 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம் பணிக்கிறது. 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்திலும் தில்லியிலும் சமரச மையங்கள் தோன்றின. மண வழக்குகளைத் தொடக்கத்திலேயே அங்கே அனுப்புமாறு 2013இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. இருந்தும் நம்மவர் பலர் அஞ்சுகின்றனர். சமரசம் என்றாலே சேர்த்து வைப்பதென்று எண்ணம்! "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்னும் பழைய பஞ்சாயத்துதான் நினைவுக்கு வருகிறது. (பொறுத்துப் போகும்படி ஆண்மகனிடம் யாரேனும் சொன்னதுண்டா?) அந்தப் பஞ்சாயத்து வேறு பெயரில் வருமாயின், நமக்கு அது வேண்டவே வேண்டாம். அடிபட்டு அஞ்சி நிற்பவளை அடித்தவனெதிரே உட்காரவைத்துப் பேரம் பேசுவது சமரசமன்று.

உண்மையான சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. அங்கே பேசியது வழக்கில் சாட்சியமாவதில்லை. ஒத்துவராவிடில் எழுந்து போகலாம். நல்லபடி பிரிவதும் அங்கே வெற்றிதான்.

பிள்ளை விஷயத்தில் இதன் பயன் பெரிது. நீதிபதி கிழமையும் மணியும் குறிக்கலாம். பொங்கல் யாருடன், பரீட்சை வாரத்தில் எங்கே தங்குவது, கோடை விடுமுறையில் திருநெல்வேலிப் பாட்டியிடம் ரயிலேற்றி விடுவது யார்? இவற்றைப் பெற்றோரன்றோ அறிவர்! ஐந்து வயதில் எழுதிய ஏற்பாடு பன்னிரண்டு வயதில் பொருந்தாது. மாற்றிக்கொள்ளவும் பேச்சுவழி இருந்தால்தான் எளிது.

ஆனால் எனக்கு ஒரு குறையுண்டு. "ஜீவனாம்சத்தைக் குறைத்துக்கொள், பிள்ளையை விட்டுத் தருகிறேன்" என்னும் பேரம் மூடிய அறைக்குள்ளும் நடக்கலாம். பிள்ளை அங்கே இல்லையே! ஆகவே பிள்ளையின் ஏற்பாட்டை முதலில் முடித்துவிட்டுப் பிறகே பணத்தைப் பேச வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளையாயின் சமரசர் தனியே அழைத்துக் கேட்கவும் வேண்டும் என்பது என் துணிபு. யாருடன் இருக்க விருப்பம் என்று கேட்கலாகாது, அது கொடுமை. அன்றாட வாழ்வைக் கேட்டால் போதும்.

இதை நண்பனிடம் படித்துக் காட்டினேன். "என்னை ஒருவரும் கேட்கவில்லையடா. கேட்டிருந்தால், சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று கிரிக்கெட் என்று சொல்லியிருப்பேன்" என்றான்.