வேகத்துக்கும் ஓர் இடம் உண்டு

மத்தியப் பிரதேசத்தின் பிதம்பூரில் 2021 ஜூனில் திறக்கப்பட்ட நாட்ராக்ஸ் அதிவேகச் சோதனைத் தடத்தின் நீளம் 11.3 கிலோமீட்டர்; அகலம் 16 மீட்டர். அதன் வளைவுகளில் வெளிவிளிம்பு கிண்ணத்தின் உட்புறம்போல் உயர்ந்திருப்பதால், 250 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரை ஸ்டியரிங்கைத் திருப்பாமலே அந்தச் சரிவு திருப்பிவிடும். பினின்ஃபரீனா பட்டிஸ்டா என்ற மின்சார சூப்பர்கார் அங்கே மணிக்கு 357 கிலோமீட்டரைத் தொட்டது. அந்தப் பெருமையில் தடத்துக்கும் பங்கு உண்டு. எதிரே வண்டி வராது, குறுக்கே ஆடு மாடு வராது என்ற உறுதி இருந்ததால்தான் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்க முடிந்தது.

கள்ளக்குறிச்சி வழியே செல்லும் சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை அந்த உறுதியை ஒருபோதும் தர முடியாது. நான்குவழிச் சாலையாகப் போடப்பட்டபோதும் ஊர்ப் புறவழிகள் நெடுங்காலம் இருவழியாகவே இருந்தன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இயங்கும் மாவட்டம் இது. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துபோகும். பின்விளக்கு இல்லாத டிரெய்லரை 140 கிலோமீட்டரில் வரும் கார் 100 மீட்டர் தொலைவில் கண்டால், மோதுவதற்கு மூன்றே விநாடிதான். பார்த்து, உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்குள் அதில் பாதி கரைந்துவிடும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். எந்த விலையுயர்ந்த காருக்கும் இதில் விலக்கில்லை. கல்வராயன் மலைப் பாதையின் கொண்டைஊசி வளைவுகளிலோ எதிரில் வருவது தெரியவே தெரியாது. சுற்றுலா வருபவருக்கு அது ஒருநாள் பரவசம். மலைவாழ் மக்களுக்கு மருத்துவமனைக்குப் போகும் வழி. 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் பத்தில் ஏழு பேரின் மரணத்துக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது.

ஜெர்மனியின் ஆட்டோபான் சாலையில் பல பகுதிகளுக்கு வேக வரம்பே இல்லையே என்று கேட்பார்கள். அங்கே 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடத் திறனில்லாத வண்டிக்கு அனுமதியே கிடையாது. நம் சாலையிலிருந்து கரும்பு டிராக்டரை விலக்கினால் உழவர் எந்த வழியே ஆலைக்குப் போவார்? திறமையான ஓட்டுநர் சமாளித்துவிடுவார் என்பதும் நிற்காத வாதம். கோவையிலிருந்து ஃபார்முலா ஒன் வரை சென்ற நரேன் கார்த்திகேயனின் திறமை பந்தயத் தடங்களில் தேய்த்துத் தீட்டப்பட்டது. அங்கே ஒருவர் தவறினால் காக்க மணல்பரப்பும் டயர்ச் சுவரும் ஆம்புலன்சும் காத்திருக்கும். சாலையில் அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர் சைக்கிளில் போகும் இன்னொருவர்.

வேகத்தின் மீது இளைஞருக்குள்ள ஆசையைப் பழிப்பதில் பயனில்லை. அதற்கு இடம் காட்ட வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது, கோவையிலும் உண்டு. 2024-ல் சென்னைத் தெருக்களில் ஃபார்முலா 4 பந்தயத்துக்குத் துணைநின்ற அரசு, இத்தடங்களில் மாதம் ஒருநாளாவது எளிய கட்டணத்தில், பயிற்சியாளர் துணையோடு, சாதாரண இளைஞர் ஓட்டிப் பார்க்க வழிசெய்யலாம். பணக்காரர் விளையாட்டுக்கு அரசுப் பணமா என்ற கேள்விக்கு அதுவே நேர்மையான பதில். கூடவே, நெடுஞ்சாலையில் இரு இடங்களுக்கிடையே சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்களும், ஒவ்வொரு கரும்பு டிரெய்லருக்கும் ஒளிரும் பட்டையும் வேண்டும். டிராக்டர் ஓட்டுபவர் இரவில் பத்திரமாக வீடு சேர்வதே ஒரு சாலைக்குப் பெருமை.