ஏழாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு ஒரு கோழி வீடு

"வாடகை வீடு. மூணு வருஷத்துல மாத்தல். இதுல போய் கூண்டு கட்டுறேங்கிறீங்களே, புத்தி இருக்கா?"

தங்கமணி கேட்டது நியாயமான கேள்விதான். வங்கி வேலையில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம், நாக்பூர் எனக்கு ஐந்தாவது ஊர். இத்தனை ஊரிலும் நாங்கள் வாங்கியதெல்லாம் மடக்குகிற சாமான்கள்தான். மடக்கு நாற்காலி, மடக்கு மேஜை. ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்தால்கூட, "காய்ப்புக்கு வரும்போது நாம இருக்க மாட்டோம்" என்று தொட்டியிலேயே வைத்து, கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்குத் தானம் கொடுத்துவிட்டு வருவோம். வெளிமாநிலத்தில் இருக்கும் நம்மவர்களில் பாதிப் பேர் இப்படித்தான், இல்லையா? பெட்டி கட்டத் தயாராகவே ஒரு வாழ்க்கை.

அப்பா போனபிறகு அம்மாவை அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே கூட்டி வந்தோம். எழுபத்தொரு வயது. இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. எங்களுக்கு ஆபீஸ், பையனுக்குக் காலேஜ். காலையில் நான் கிளம்பும்போது எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரோ, இரவு வரும்போதும் அதே நாற்காலி. டிவி ஓடிக்கொண்டிருக்கும், பார்க்க மாட்டார். ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாக, "ஏய்யா, பின்னால இம்புட்டு இடம் சும்மா கெடக்கே, நாலு கோழி விடலாமா?" என்றார். நாக்பூர் வந்து ஏழு மாதத்தில் அவராக வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான். அதற்கு மேல் என்ன புராஜெக்ட் ரிப்போர்ட் வேண்டும்?

வீட்டு ஓனர் சுத்த சைவம். தயங்கித் தயங்கிக் கேட்டேன். இரண்டு நிபந்தனை போட்டார்: வீட்டில் அறுக்கக் கூடாது, சேவல் கூடாது. முதலாவதில் பிரச்சினை இல்லை. இரண்டாவதுக்குத்தான் அம்மா, "சேவல் இல்லாம என்னடா கோழி?" என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டார். சேவல் இல்லாமலும் முட்டை வரும், குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். (இதைப் படித்தவர்களே என்னிடம் சந்தேகமாகக் கேட்டிருக்கிறார்கள். நாமக்கல் முட்டையெல்லாம் சேவலைப் பார்த்தா வருகிறது!)

இனி விஷயத்துக்கு வருவோம். இணையத்தில் ரெடிமேட் கூண்டு பார்த்தால் பதினெட்டாயிரம் என்றது. பார்க்க அழகாக பொம்மை வீடு போல இருந்தது. ஆறு கோழி தாராளமாகத் தங்கும் என்று போட்டிருந்தான், அளவைப் பார்த்தால் மொத்தமே எட்டு சதுர அடி. கோழி ஒன்றுக்கு உள்ளே மூன்று, நான்கு சதுர அடியாவது வேண்டும். நெருக்கினால் ஒன்றையொன்று கொத்தும். நான் பி.காம்., ஆணி அடித்தால் விரலில்தான் அடிப்பேன். ஆனால் கணக்கு வரும். நாமே கட்டுவது என்று முடிவு செய்தேன்.

கபாடிக்காரரிடம் இரண்டு பழைய இரும்புக் கட்டில் ஆயிரத்து அறுநூறு. ஆறடிக்கு நாலடி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கூண்டின் சட்டம் அதிலிருந்தே வந்துவிட்டது. பழைய தகரம் இரண்டு, தொள்ளாயிரம். முட்டையிட ஆரஞ்சுப் பழம் வரும் மரப்பெட்டி மூன்று, நூற்றிருபது (நாக்பூரில் இதற்கா பஞ்சம்). போல்ட், நட்டு, கீல் நானூற்றைம்பது. கோழி வலை அறுநூற்றைம்பது. அரைநாள் வந்த ஃபிட்டருக்கு எண்ணூறு. ஆக நாலாயிரத்து ஐந்நூற்றி இருபது. பதினெட்டாயிரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

ஐந்து கிராமப்பிரியா கோழிகள் வாங்கினோம். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய ரகம். அம்மா ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தார். எல்லாம் ஊரில் இருக்கும் எங்கள் அத்தைகள் பெயர். காரணம் கேட்காதீர்கள் :-)

டிசம்பர் மாதம் ஒரு விடியற்காலை. சத்தம் கேட்டு ஓடினேன். தெருநாய்கள். அறுகோணக் கண் வைத்த அந்த மெல்லிய கோழி வலையைப் பல்லால் இழுத்துப் பிய்த்திருந்தன. மூன்று கோழி போய்விட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இறகுகளைக் கூட்டி அள்ளிவிட்டு, போய் அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். டிவி ஓடியது. மூன்று நாள்.

தப்பு என்னுடையது. கோழி வலை என்பது கோழி வெளியே போகாமல் இருக்க; வெளியிலிருந்து நாய் வராமல் இருக்க அல்ல. ஃபிட்டர் அன்றைக்கே வெல்ட் மெஷ் போடச் சொன்னார். இரண்டாயிரத்து இருநூற்றைம்பது மிச்சம் பிடிக்கிறேன் என்று நான்தான் மறுத்தேன். கடன் கேட்டு வருபவர்களிடம் "செலவைக் குறைக்க வேண்டிய இடம் வேறு, குறைக்கக் கூடாத இடம் வேறு" என்று உபதேசம் செய்கிற ஆள் நான்!

அதனால் என் கட்சி இதுதான். கூரை பழசாக இருக்கலாம், சட்டம் துருப்பிடித்திருக்கலாம், பெயிண்டே வேண்டாம். வலையிலும் தாழ்ப்பாளிலும் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம், கதவுக்கு இரண்டு கொண்டி நூற்றெண்பது. வலையைக் கீழே மண்ணுக்குள் வெளிப்பக்கமாக ஓரடி மடக்கிப் போட்டு, மேலே செங்கல் அடுக்கினேன். பறிக்கிற பிராணிக்கு அது தடை. எலி, பாம்பும் நுழையாது. இன்னொரு லாபம், சிட்டு, புறா வந்து தீவனத்தில் வாய்வைக்காது. 2024 டிசம்பரில் இதே நாக்பூர் கோரேவாடா மையத்தில் மூன்று புலியும் ஒரு சிறுத்தையும் பறவைக் காய்ச்சலில் செத்தன. அதன்பிறகு காட்டுப் பறவை என்றால் எனக்குக் கொஞ்சம் உதறல்தான்.

மே மாத வெயில் இங்கே 45 டிகிரி. தகரத்தின் கீழ் கோழி வெந்துவிடும். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் அரையடி வலை மட்டும் விட்டு, தகரத்துக்குச் சுண்ணாம்படித்து, மேலே சோளத்தட்டை பரப்பினோம். மதியம் நனைத்த சாக்குத் தொங்கும். அம்மாவின் டிபார்ட்மெண்ட் அது. வெள்ளைக் கழிச்சலுக்கு ஊசி முக்கியம். மருந்து நூறு டோஸாக வருவதால், அரசு கால்நடை மருத்துவமனையில் எந்த நாள் போடுகிறார்கள் என்று விசாரித்துப் போய்விடுங்கள்.

லாபமா? மறுபடி மூன்று கோழி வாங்கியபின் தினம் சராசரி மூன்று முட்டை, இருபத்தொரு ரூபாய். தீவனம் பதினேழரை. நிகரம் மூன்றரை ரூபாய். போட்ட ஏழாயிரத்து அறுநூறு திரும்பி வர ஏறக்குறைய ஆறு வருஷம், அதுவும் செத்த கோழிகளை எழுதித்தள்ளியபின்! கோழி அத்தனை நாள் முட்டை போடாது, எனக்கு அதற்குள் இரண்டு மாற்றல் வந்துவிடும். இந்தக் கடன் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தால் நானே நிராகரித்துவிடுவேன். முட்டை மிச்சமாகும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள்.

ஆனால் இப்போது காலை ஐந்தரைக்குப் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. எரு வாங்க வரும் ஓனரின் மனைவியும் அம்மாவும் ஆளுக்கொரு பாஷையில் அரைமணி பேசுகிறார்கள். அம்மா பத்து வரை இந்தியில் எண்ணுகிறார், முட்டைக்காக.

கூண்டில் எங்கேயும் வெல்டிங் இல்லை, எல்லாம் போல்ட். மொத்தம் முப்பத்தாறு. ஃபிட்டரிடம் பேசி அதற்கு மட்டும் தனியாக ஒரு ஸ்பேனர் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த ஊருக்கு லாரி ஏற்றும்போது மடக்கு நாற்காலிகளுக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் ஒதுக்கியாயிற்று. தங்கமணியே அளவெடுத்துச் சொன்னது.

டிஸ்கி: பெட்டி வைக்கும் உயரத்தைவிடக் கோழி உட்காரும் கட்டை உயரமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பெட்டியிலேயே படுத்து, முட்டையெல்லாம் எச்சமாக்கிவிடும். அனுபவம்.