வேலியிற் சாய்ந்து நின்ற விடை

அண்மையில் நெடுந்தீவுக்குச் சென்றிருந்தேன். அத்தீவின் பழைய வேலிகள் கிடுகால் ஆனவை அல்ல. முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பியவை. ஒன்பதாம் தரத்திற் படிக்கும் சிறுமி ஒருத்தி அத்தகைய வேலியொன்றிற் சாய்ந்து நின்றாள். முருகைக்கல் எதனால் ஆனது என்று கேட்டேன். "கல்சியம் காபனேற்று" என்று தயங்காமல் விடையளித்தாள். "நீ சாய்ந்து நிற்பது எதிலே, பிள்ளை?" என்றேன். "இது வெறுங் கல்லுத்தானே ஐயா" என்றாள்.

அவளிற் குறை காண்பதற்கில்லை. பரீட்சைக்கு வேண்டிய விடை அவளிடம் இருக்கிறது. அந்த விடை அவளது முதுகைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்பதை எவரும் எடுத்துச் சொல்லவில்லை. குறை நமது கற்பித்தலில் உள்ளது.

முருகைக்கல்லை ஆக்குவது ஒரு விலங்கு. பெரும்பாலும் சில மில்லிமீற்றர் அளவேயான, மென்னுடல் கொண்ட பொலிப்பு, கடல்நீரிற் கரைந்துள்ளவற்றை எடுத்துத் தன் அடியிற் கிண்ணம் போன்ற வன்கூட்டை அமைக்கிறது. முட்டைக்கோதும் சிப்பியும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணக்கல்லும் பெரும்பாலும் அதே பொருளே. பெரிய திரளாக வளரும் முருகைக்கல்கூட ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளரும்.

இந்த அறியாமைக்கு நாம் விலை கொடுத்திருக்கிறோம். தென்மேற்குக் கரையோரத்திற் சுண்ணாம்புச் சூளைகளுக்காக முருகைக்கல் நெடுங்காலம் அகழப்பட்டது. 1988 இற் சட்டத் திருத்தம் அதைத் தடைசெய்தும் அகழ்வு ஓயவில்லை. வறுமையும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சூளையில் அக்கல்லுக்குக் கிடைத்த விலையில், அது வளர்ந்த ஆண்டுகளின் கணக்கு இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை பெரலியவிற் புகையிரதமொன்றைப் புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முருகைக்கல் அகழப்பட்டிருந்த அப்பகுதியில் அலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் உட்புகுந்தது என்றும், தெற்கே மூன்று கிலோமீற்றர் தொலைவில், பாறைத்தொடர் எஞ்சியிருந்த ஹிக்கடுவையில் ஏறத்தாழ 50 மீற்றருடன் நின்றது என்றும் 2005 இல் வெளியான ஆய்வொன்று பதிவு செய்தது.

இன்றைய அச்சுறுத்தல் அலவாங்கோடு நிற்கவில்லை. நாம் எரிக்கும் எரிபொருளின் காபனீரொட்சைட்டு கடலிற் கரைகிறது. தொழிற்புரட்சிக்கு முன்னர் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பீஎச் பெறுமானம் இப்போது 8.1 அளவில் உள்ளது. சிறிய வேறுபாடாகத் தோன்றினும், வன்கூடு அமைப்பதை அது கடினமாக்குகிறது. கடல் வெப்பமடைவதால் முருகைக்கற்கள் வெளிறுவதும் தொடர்கிறது. உலகளாவிய நான்காவது வெளிறல் 2024 இல் உறுதிசெய்யப்பட்டது.

இவற்றைப் பிள்ளைகளுக்கு உணர்த்தப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு குவளை வினாகிரியில் முட்டையொன்றை இடுங்கள். குமிழ்கள் எழும், ஓரிரு நாளிற் கோது கரைந்து மென்சவ்வு மாத்திரம் எஞ்சும். கடல் வினாகிரி அன்று என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். மிகைப்படுத்தல் அறிவியலுக்கு உதவாது. பின்னர் வகுப்பை வேலியருகே அழைத்துச் சென்று, அதன்மீது ஒரு துளி தேசிக்காய்ச் சாறு விடுங்கள். உயிருள்ள முருகைக்கல்லை மாத்திரம் எவரும் உடைக்க வேண்டாம்.

அந்தச் சிறு குமிழ்களைக் கண்ட பிள்ளை, அதன்பின் அவ்வேலியை வெறுங் கல் என்று சொல்லாது.