பதிவேட்டில் நம் வீடு



நிவாரணம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் குடும்ப அட்டையும் கையுமாகச் சங்கக் கடை வாசலில் நின்றவர்கள் நாம். அப்போது எல்லோருமே வெறுங்கையர். யார் கூடிய ஏழை என்று எவரும் கேட்கவில்லை. 2023 இல் வந்த அஸ்வெசும திட்டம் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டது.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாதென்று அரசாங்கம் அறிவித்தது. அவ்வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அரிசியும் மாவும்கூட எட்டாத விலைக்குப் போயின. 1995 முதல் இருந்துவந்த சமுர்த்திக் கொடுப்பனவு அந்த விலைவாசிக்கு எந்த மூலைக்கு? அதன் இடத்துக்கு வந்ததே அஸ்வெசும. 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என நான்கு வகுதிகள். 2025 ஜனவரியில் வறியோருக்கு 10,000 ஆகவும் மிக வறியோருக்கு 17,500 ஆகவும் கூட்டினார்கள்.

யாருக்கு எந்த வகுதி என்பதை 22 குறிகாட்டிகள் தீர்மானிக்கின்றன. கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு எல்லாம் அதில் அடக்கம். சிபாரிசுக்கு இடம் குறைவு என்பது நல்லதுதான். ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளை இந்தக் கணக்கு சரியாகப் படிக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு சகோதரி. 2009 இல் கணவரை இழந்தவர். இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா கிடைத்தது. மிச்ச வேலைக்கு நகையை அடைவு வைத்தார். அதை இன்னும் மீட்கவில்லை. கல்வீடு, ஓட்டுக்கூரை, மின்சாரம். முற்றத்தில் மகனின் ஓடாத மோட்டார் சைக்கிள். பதிய வந்தவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அடைவுச் சிட்டையை யார் கேட்டார்கள்? பட்டியலில் அவர் பெயர் இல்லை. இழப்புக்காகக் கொடுத்த வீடே, வறுமை இல்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

"விடுங்கோ அக்கா, கெஞ்சிக்கொண்டு நிக்கேலாது" என்றார். கெஞ்சல் அல்ல, மேன்முறையீடு என்று சொல்லிக் கூட்டிப்போனேன். அந்த வருடம் நாடு முழுவதும் இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தார்கள். அடுத்தவருக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று ஆட்சேபனை எழுதியவர்களும் குறைவில்லை. அது வேறு கதை. வேலிச் சண்டைகள் பல அந்தப் படிவங்களில் ஏறின.

மீண்டும் பார்க்க வந்தபோது சகோதரி எல்லாவற்றையும் மேசையில் வைத்தார். அடைவுச் சிட்டை, மின்சாரப் பட்டியல், கணவரின் மரணச் சான்றிதழ், பிள்ளையின் கிளினிக் கொப்பி. மோட்டார் சைக்கிளை உதைத்தும் காட்டினார். 8,500 ரூபா வகுதியில் பெயர் வந்தது. முதல் மாதக் காசில் கடைக் கடனைத்தான் கட்டினார்.

பதிய வருபவரிடம் வாய்ச்சொல்லோடு நிற்காதீர்கள், கடதாசியையும் காட்டுங்கள். வீடு யார் தந்தது, மிச்சம் எந்தக் கடனில் முடிந்தது என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். விண்ணப்பத்தின் பிரதியையும் அதன் இலக்கத்தையும் வங்கிப் புத்தகத்தோடு வையுங்கள். பட்டியலைக் கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்தில் நீங்களே போய்ப் பாருங்கள். மேன்முறையீட்டுக்குக் கடைசித் திகதி உண்டு, அது தெரியாமல் தவறவிட்ட மூன்று பேரை எங்கள் கிராமத்திலேயே எனக்குத் தெரியும்.